சுருளும் கட்டாவும்: பழைய ஜுஜுட்சு பள்ளிகளின் இரண்டு சாட்சிகள்

டோக்கியோவில் அதாகோ குன்றின்மேல் உள்ள ஷிண்டோ கோயிலில் 1779-இல் நட்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிதோ ரியூ என்ற ஜுஜுட்சு பள்ளியைச் சேர்ந்தவர்கள் வைத்தது. மிங் சீனாவிலிருந்து வந்து குடியேறிய சென் யுவான்பின் என்பவரிடமிருந்துதான் வெறுங்கைச் சண்டைக்கலை ஜப்பானில் தொடங்கியது என்று அது அடித்துச் சொல்கிறது. ஜுஜுட்சுவின் தாயகம் சீனம் என்று வாதிடுபவர்கள் இன்றும் கை நீட்டிக் காட்டுவது இந்தக் கல்லைத்தான்.

கல்லில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. சென் பிறந்தது 1587-இல். அவர் ஜப்பானுக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். எடோ நகரின் கொக்குஷோஜி என்ற பௌத்த மடத்தில் தங்கியிருந்தபோது ஃபுகுனோ, இசோகாய், மியுரா ஆகிய மூன்று சாமுராய்களுக்குச் சீனப் பிடிகளைப் பற்றிச் சொன்னார் என்பது வழிவழிச் செய்தி. 1671-இல் நகோயாவில் காலமானார். ஆனால் தகெனோஉச்சி ரியூ என்ற பள்ளியோ தன் பிறந்த ஆண்டாக 1532-ஐக் குறிக்கிறது. அந்த ஆண்டு 1716-இல் அச்சான ‘ஹொன்சோ புகெய் ஷோதென்’ என்ற வீரர் வரலாற்று நூலிலும் இருக்கிறது. கல்வெட்டு நட்டதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த நூல் புழக்கத்தில் இருந்தது. சென் யாருக்கோ ஏதோ கற்பித்திருக்கலாம். தொடக்கம் அவர் இல்லை. 1880களின் இறுதியில் ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோவும் லிண்ட்சே என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதே முடிவுக்கு வந்தது. இந்த வழக்கை அதோடு முடித்துவிடலாம்.

முடியாத வழக்கு வேறு. பழைய பள்ளி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒன்றை எதை வைத்து மதிப்பிடுவது? வழக்கமாக இரண்டு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவார்கள். முதல் சாட்சி குரு வரிசை: நிறுவியவர் முதல் இன்றைய தலைவர் வரை பெயர்கள், அவற்றுக்கு ஆதாரமாகச் சுருள் ஏடுகள். இரண்டாவது சாட்சி கட்டா. நம் ஊர்க் கராத்தே வகுப்பில் மாணவர் தனியாக நின்று காற்றில் செய்து காட்டும் கட்டாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜுஜுட்சு கட்டா இருவர் செய்வது. ‘உகெ’ தாக்குவார், ‘தோரி’ அடக்குவார். யார் எந்தக் கையால் எங்கே பிடிப்பது, எந்தக் கணத்தில் விழுவது என்பது வரை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். ஆர்வலர்களில் ஒரு சாரார் சுருளைக் காட்டினால் கும்பிடுகிறார்கள். இன்னொரு சாரார் சுருளைக் கிழித்துப் போட்டுவிட்டு ‘சண்டையில் பலிக்கிறதா’ என்று மட்டும் கேட்கிறார்கள். இரு சாராருமே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

சுருளிலிருந்து தொடங்குவோம். ஒரு பள்ளியின் சுருளை விரித்தால் அதில் பாடம் இருக்காது. நுட்பங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சில இடங்களில் ‘இது வாய்மொழி’ என்று ஒரு குறிப்பு. முடிவில் குருமார் பெயர்கள், நாள், முத்திரை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதவருக்கு அது வெறும் பட்டியல்தான். கானோவின் இளமைக் கதையே இதற்குப் போதும். 1877-இல் தென்ஜின் ஷின்யோ ரியூ ஆசிரியர் ஃபுகுதா ஹாச்சினொசுகேயிடம் அவர் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் ஃபுகுதா இறந்துவிட, பள்ளியின் ஏடுகள் கானோவின் கைக்கு வந்தன. பயிற்சிக் கூடத்தையும் அவரே நடத்தினார். இருபதை எட்டாத இளைஞர், கையில் ஏடு, கூடவே பள்ளி. தன்னை அடுத்த குரு என்று அறிவித்துக்கொள்ள இதைவிட வசதியான சூழ்நிலை யாருக்கு வாய்க்கும்? அவரோ அதே மரபின் இசோ மசதோமோவிடம் போய் மறுபடி மாணவரானார். 1881-இல் இசோவும் மறைந்ததும் கிதோ ரியூ ஆசிரியர் ஈகுபோ சுனெதோஷியைத் தேடிப் போனார். ஏட்டில் உள்ளது வேறு, உடம்பில் இறங்குவது வேறு என்பது அவருக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

குரு வரிசையின் தலைப்பகுதிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். யோஷின் ரியூ சொல்லும் கதை இது: நாகசாகி மருத்துவர் அகியாமா ஷிரோபெய் சீனம் போய்ச் சில அடிமுறைகளையும், மயங்கியவரை எழுப்பும் முறைகளையும் கற்றுத் திரும்பினார், மாணவர்கள் நிலைக்கவில்லை, தசாய்ஃபுவில் உள்ள தென்ஜின் கோயிலில் நூறு நாள் நோன்பிருந்தார், அங்கே பனி கொட்டும்போது மற்ற மரங்களின் கிளைகள் முறிய, வில்லோ மட்டும் வளைந்து பனியை உதறித் தப்பியதைக் கண்டார், நுட்பங்களை 303 ஆகப் பெருக்கினார். அழகான கதை. இப்போது தென்ஜின் ஷின்யோ ரியூவை நிறுவிய இசோ மதாயெமோனின் கதை. அவர் 1787-இல் பிறந்து 1863-இல் இறந்தவர். யோஷின் ரியூவையும் ஷின் நோ ஷிந்தோ ரியூவையும் கற்றவர். கியோத்தோவின் கிதானோ கோயிலில் வழிபட்டிருந்தபோது காற்றில் அசையும் வில்லோ கிளைகளைப் பார்த்து ஞானம் பெற்றாராம். தசாய்ஃபுவும் கிதானோவும் ஒரே தெய்வத்தின், அதாவது தென்ஜினாகிய சுகவாரா மிச்சிசானேயின், கோயில்கள். அதே தெய்வம், அதே மரம், அதே ஞானம். இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள் தற்செயலாக ஒத்துப்போயின என்று நம்புவதைவிட, தாய்ப் பள்ளியின் கதையை மகள் பள்ளி எடுத்துச் சூடிக்கொண்டது என்று கொள்வதே நேர்மை. (வில்லோ மரம் மட்டும் இல்லாவிட்டால் ஜப்பானியக் குருமார்கள் என்ன செய்திருப்பார்களோ.) செகிகுச்சி ரியூவின் கதையில் வில்லோவுக்குப் பதில் கூரையிலிருந்து விழுந்தும் கால் ஊன்றி நிற்கும் பூனை. இவை ஸ்தலபுராணங்கள். பள்ளி எதை உயர்வாக மதித்தது என்பதை அவை சொல்லும். எப்போது தொடங்கியது என்பதை அவற்றிடம் கேட்கக் கூடாது.

புராணம் இருப்பதால் பள்ளியே பொய் என்றும் ஆகாது. தகெனோஉச்சி ரியூவில் மலைத்துறவி வருகிறார். இன்றைய ஒகயாமா மாவட்டத்தின் மலைநாடான மிமசாகாவில் சிற்றரசராக இருந்த தகெனோஉச்சி ஹிசாமோரி, கோயிலில் தவமிருந்து மரவாளால் பயின்றபோது ஒரு துறவி தோன்றினார். நீண்ட ஆயுதத்தால் பயனில்லை என்று அந்த மரவாளை வெட்டிக் குட்டையாக்கினார். குறுவாளோடு எதிரியை நெருங்கிப் பிடித்து அடக்கும் முறைகளையும், காட்டுக் கொடியால் கட்டும் முறையையும் சொல்லிக் கொடுத்து மறைந்தார். துறவியை நீக்கிவிட்டுப் பார்ப்போம். எஞ்சுவது என்ன? போர் ஓயாத காலம், 1580-இல் கைவிட்டுப் போன ஒரு சிறு கோட்டை, அதற்குப் பிறகும் அதே வட்டாரத்தில் தங்கி மகன் ஹிசாகத்சு, பேரன் ஹிசாயோஷி என்று கலையை வளர்த்த ஒரு குடும்பம், இன்று வரை அறுபடாத பெயர் வரிசை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளியார் எழுதிய அச்சு நூலில் இடம். இது கனமான ஆதாரம்.

எனக்கு இன்னும் கனமாகத் தோன்றுவது வேறு ஒன்று. இந்தப் பள்ளி கிளைத்திருக்கிறது. ஒகயாமாவில் குடும்ப வழி ஒருபுறம். பித்சூ நாட்டில் வளர்ந்து பிறகு கியோத்தோவில் நிலைகொண்ட பித்சூதென் வழி இன்னொருபுறம். ஒரே கிருதிக்கு இரண்டு சிஷ்ய பரம்பரைகளில் இரண்டு பாடாந்தரம் இருப்பதைப் போல, ஒரே கட்டாவுக்கு இரு வழிகளிலும் வேறு வேறு வடிவம் உண்டு. ரசிகர்கள் இதைக் கலப்படம் என்று நினைத்து வருந்துகிறார்கள். ஆராய்ச்சியாளர் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. இரு வழிகளும் ஒத்துப்போகும் பகுதி கிளை பிரிவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வேறுபடும் பகுதி பின்னால் வந்தது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க இடம் கொடுக்காத, ஒரே ஒருவரின் உடம்பில் மட்டும் தங்கியிருக்கும் ‘ரகசியக்’ கட்டாவை யாரும் சோதிக்க முடியாது.

இரண்டாவது சாட்சியைக் கூப்பிடலாம். உலகம் அதிகம் பார்த்த பழைய ஜுஜுட்சு கட்டா, கானோவின் ஜூடோ பள்ளியான கொடோக்கன் ‘கொஷிகி நோ கட்டா’ என்ற பெயரில் காத்துவைத்திருக்கும் கிதோ ரியூ கட்டாதான். ஈகுபோ 1883-இல் கானோவுக்குப் பள்ளியின் உயர் உரிமம் கொடுத்தார். இந்தக் கட்டாவைக் கானோ கடைசி வரை விடவில்லை. 1929-இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகும், பேரரசர் முன்னிலையில் தானே தோரியாக நின்று செய்தார். மொத்தம் 21 நுட்பங்கள். முன்பகுதியில் 14, பின்பகுதியில் 7. முன்பகுதி நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடையே நின்று நகரும். பின்பகுதி மூச்சுவிடாமல் ஓடும்.

முதல் நுட்பத்தின் பெயர் ‘தாய்’. உகெ நெருங்கி வந்து தோரியின் இடுப்புப் பட்டையைப் பற்றித் தூக்கி எறியப் பார்க்கிறார். தோரி முரண்டு பிடிப்பதில்லை. எதிரியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அவரைத் தள்ளி, தன் இடது முழங்காலைத் தரையில் ஊன்றுகிறார். உகெ மல்லாக்க விழுகிறார். காலால் தட்டவில்லை, தோளில் ஏற்றவில்லை. இருவரும் நடக்கும் நடை விசித்திரமாக இருக்கும்: கால் அகட்டி, உடலை ஒரே கட்டையாகத் திருப்பி, கனத்தோடு. காரணம், இருவரும் கவசம் அணிந்திருப்பதாகப் பாவனை. முன்பகுதியில் வரும் ‘ஷிகொரோ தோரி’யில் எதிரியின் தலைக்கவசத்தில் கழுத்தை மறைக்கத் தொங்கும் தகட்டைப் பற்றித் தலையைத் திருகி வீழ்த்த வேண்டும். இன்று அங்கே தகடு இல்லை, பருத்திச் சட்டைதான். கை மட்டும் இன்னும் அந்தத் தகட்டைத் தேடிப் போகிறது.

இதைப் பார்த்ததும் ‘ஆகா, போர்க்களத்தின் நேரடிப் பதிவு’ என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் சாட்சியை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். கிதோ ரியூ உருவானது 17ஆம் நூற்றாண்டில், தொகுகாவா ஆட்சியில் பெரும் போர்கள் ஓய்ந்த காலத்தில். கவசம் பெட்டிக்குள் போய்விட்ட தலைமுறைகள் இந்தக் கட்டாவை மெருகேற்றியிருக்கின்றன. அதன் மெதுவான கம்பீரத்தில் போரின் நினைவும் இருக்கலாம். போரை நேரில் காணாதவர்கள் போருக்குக் கொடுத்த கம்பீரமும் இருக்கலாம். வில்லோ கதை குரு வரிசைக்கு முன்னொட்டாகச் சேர்ந்ததைப் போல, பழமையின் சாயலைக் கட்டாவும் பூசிக்கொள்ள முடியும். உடம்பு பொய் சொல்லாது என்று பலரும் சொல்கிறார்கள். நூறு பேர் ஒழுங்காகச் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பும் சொல்லும்.

கட்டாமீது வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு இது இல்லை. முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தாக்குதல், விழத் தயாராக நிற்கும் எதிராளி. இதில் சண்டை எங்கே என்பதுதான் வழக்கமான கேள்வி. பழைய பள்ளிகளுக்குக் கட்டா மட்டும்தான், தடையற்ற பயிற்சியான ராந்தோரியைக் கொண்டுவந்தவர் கானோ என்று ஜூடோ வட்டாரத்திலேயே பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. கிதோ ரியூவில் கட்டாவுக்குள்ளேயே உகெ முழுதாக விழாமல் எதிர்த்து நிற்க, தோரி வேறு வழி தேடும் பயிற்சி இருந்தது. ராந்தோரி அதிலிருந்து முளைத்தது என்பதே கானோவின் விளக்கம். தென்ஜின் ஷின்யோ ரியூவில் ஃபுகுதா ராந்தோரிக்கு அழுத்தம் கொடுத்தார். கட்டாவில் பேர் பெற்றவர் இசோ மசதோமோ. ஐம்பதைத் தாண்டிய ஈகுபோவும் கானோவோடு ராந்தோரியில் இறங்கியவர்தான். ஆக, 19ஆம் நூற்றாண்டின் நல்ல பள்ளிகளில் இரண்டும் இருந்தன. பிறகு போட்டி ஆர்வமுள்ள இளைஞர்களை ஜூடோ இழுத்துக்கொண்டது. பழைய பள்ளிகளிடம் கட்டா மிஞ்சியது. இன்று நாம் பார்க்கும் ‘கட்டா மட்டுமே’ என்ற நிலையில் பாதி, இந்த 20ஆம் நூற்றாண்டுப் பாகப்பிரிவினையின் விளைவு என்றே நினைக்கிறேன். அதைப் பண்டைய ஞானம் என்று கொண்டாடுபவர்களும் பண்டைய மடமை என்று சிரிப்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள்.

கட்டாவின் வலிமை எங்கே தெரிகிறது என்று கேட்டால் தென்ஜின் ஷின்யோ ரியூவைக் காட்டுவேன். 124 கட்டாக்கள். பிடிபட்ட கையை விடுவிக்கும் 12 நுட்பங்களில் தொடக்கம். அடுத்து அமர்ந்த நிலையில் 10, நின்ற நிலையில் 10, இடைநிலையில் 14, 14, எறிமுறைகள் 20, போட்டிக்கு எதிர்முறைகள் 24, உச்சநிலையில் மறுபடி 10, 10. ஒரு பாடத்திட்டத்தை இவ்வளவு தெளிவாக அடுக்கியவர்களுக்கு மாணவர் எங்கே தடுமாறுவார் என்பது தெரிந்திருக்கிறது. கையை விடுவிப்பதில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: பிடியின் எந்தப் பக்கம் பலவீனம், தன் உடலின் எடையை எப்படி மணிக்கட்டுக்குக் கொண்டுபோவது என்பதை முதல் 12-இலேயே கை கற்றுக்கொள்ளும், பிறகு வருபவை எல்லாம் அதன் விரிவு. 1890களில் இந்தப் பள்ளியின் நுட்பங்கள் படங்களோடு அச்சில் வந்துவிட்டன. எனவே இன்றைய வடிவத்தை நூற்றாண்டு கடந்த ஒரு படத்தோடு வைத்து ஒப்பிடலாம். பெயர் வரிசை நீளம் இல்லை. நிறுவியவர் 19ஆம் நூற்றாண்டு மனிதர். நீளமின்மையே இங்கே பலம். வில்லோவை மன்னித்துவிட்டால், எதை உரிமை கொண்டாடுகிறதோ அதைப் பெரும்பாலும் நிரூபிக்கிற பள்ளி இது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபுசென் ரியூவைச் சேர்ந்த தனாபே மதாயெமோன் கொடோக்கன் வீரர்களைத் தரைப்பிடியில் திணறடித்தவர். அதனால் ஃபுசென் ரியூ தரைப்பிடிக்கே பிறந்த பள்ளி என்று இணையத்திலும் நூல்களிலும் எழுதித் தள்ளிவிட்டார்கள். தனாபேயின் தரைப்பிடி பள்ளியின் கட்டாவிலிருந்து வந்தது என்று கொள்வதற்கு இடமில்லை. எண்ணற்ற பந்தயங்களில் தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி அவரே வளர்த்துக்கொண்டது அது. ஒரு மேதையின் சாதனையை அவருடைய பள்ளியின் பேரேட்டில் வரவு வைப்பதும், பள்ளியின் புகழைச் சாதாரண மாணவரின் பேரில் வைப்பதும் ஒரே கணக்குப் பிழை.

1906-இல் கியோத்தோவில் தாய் நிப்போன் புதோகுகாய் என்ற சங்கம் கானோ தலைமையில் பல பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூட்டியது. யோஷின் ரியூவின் தொத்சுகா ஹிதெமியும் ஷிதென் ரியூவின் ஹோஷினோ குமோனும் முக்கிய உறுப்பினர்கள். எறிமுறைகள் 15, அடக்கும் பிடிகள் 15, தற்காப்பு 20 என்று பொதுக் கட்டாக்களை முடிவு செய்தார்கள். நாடு முழுதும் கற்பிக்க அது வசதி, ஜூடோவுக்கு நன்மை. பழைய பள்ளிகளின் சாட்சியம் என்ற அளவில் பார்த்தால் அந்தக் கட்டாக்கள் எதையும் சொல்வதில்லை. குழு கூடி ஒத்துக்கொண்ட உடல்மொழியில் எந்தக் குருவின் கையெழுத்தும் மிஞ்சாது.

தைதோ ரியூவில்தான் இரு சாட்சிகளும் நேருக்கு நேர் முரண்படுகின்றன. இப்பள்ளியின் குரு வரிசை 1045 முதல் 1127 வரை வாழ்ந்த மினமோதோ யோஷிமித்சுவில் தொடங்குகிறது. இறந்தவர் உடல்களை அறுத்து மூட்டுகளின் அமைப்பை ஆராய்ந்தாராம். அந்த ஞானம் தகேதா குலத்தில் இறங்கி, ஐசு நாட்டுக் கோட்டைக்குள் ரகசியமாகக் காக்கப்பட்டு, முன்னாள் மூத்த அமைச்சர் சைகோ தானோமோ வழியாகத் தகேதா சோகாகுவுக்கு வந்ததாம். சோகாகு வாழ்ந்தது 1859 முதல் 1943 வரை. அவருக்கு முன்னால் இந்தக் கலை இந்தப் பெயரில் இருந்ததற்கு நாளிட்ட ஏடு ஒன்றும் ஆய்வாளர்கள் முன் வரவில்லை. எண்ணூறு ஆண்டு வரிசை. அதில் நாளும் கையெழுத்தும் உள்ள பகுதி ஒரே ஒரு மனிதரிலிருந்து தொடங்குகிறது.

கட்டா என்ன சொல்கிறது? இப்பள்ளியின் முதல் சுருள் 118 நுட்பங்களைப் பேசுகிறது. முதல் நுட்பம் ‘இப்பொன் தோரி’. இருவரும் மண்டியிட்டு எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். எதிரி கையை வாள்போல உயர்த்தி உச்சந்தலையை நோக்கி இறக்குகிறார். தோரி அது கீழிறங்கும் முன்பே எழுந்து சந்தித்து, முழங்கையைத் தாங்கித் திருப்பி, விலாவில் ஒரு குத்துவிட்டு, எதிரியைக் குப்புற வீழ்த்திக் கையைத் தரையோடு அழுத்துகிறார். அய்கிடோ பார்த்தவர்களுக்கு இது பழகிய உருவம்; அதை நிறுவிய உயெஷிபா மொரிஹெய் 1915-இல் ஹொக்கைடோவின் எங்கருவில் சோகாகுவைச் சந்தித்துக் கற்றதன் வாரிசுதான் அய்கிடோவின் முதல் பாடம். அமர்ந்த நிலை, நின்ற நிலை என்று நுட்பங்களை வகுக்கும் முறையைத் தென்ஜின் ஷின்யோ ரியூவில் முன்பே பார்த்தோம். இது தொகுகாவா ஆட்சி நடந்த எடோ காலப் பள்ளிகளின் பொதுமொழி. 11ஆம் நூற்றாண்டில் குதிரைமேலிருந்து அம்பு விட்ட வீரர் வகுத்த கலை, பாய் விரித்த அறையில் மண்டியிட்ட மரியாதையில் தொடங்காது. அறை முழுதும் தத்தாமி விரிக்கும் வழக்கமே யோஷிமித்சு இறந்து பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் பரவியது. நுட்பங்கள் பழையவை, அடுக்குமுறை மட்டும் பின்னால் மாறியது என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் மாற்றத்துக்கு முந்தைய அடுக்கின் தடயம் ஒன்றையாவது காட்ட வேண்டும். இதுவரை யாரும் காட்டவில்லை. சோகாகுவின் மகன் தொகிமுனே 1954-இல் அபாஷிரியில் தைதோக்கான் கூடம் நிறுவி, நுட்பங்களுக்குப் பல பெயர்கள் சூட்டி 118-ஐயும் ஒழுங்குபடுத்தினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் இன்று பார்க்கும் பாடத்திட்டத்தின் வெளியுருவம் நம் தாத்தாக்கள் காலத்தது.

ஆனால் இதே சோகாகு வேறொன்றையும் செய்தார். நிலையான கூடம் இல்லாமல் ஊர் ஊராகப் போய்க் கற்பித்தவர் அவர். எங்கே போனாலும் இரண்டு பேரேடுகளைக் கூடவே வைத்திருந்தார். ஒன்றில் மாணவர் பெயர், நாள், கற்றது. இன்னொன்றில் கொடுத்த கட்டணம். நீதிபதிகளும் காவல் அதிகாரிகளும் அதில் கையெழுத்திட்டு முத்திரை பதித்திருக்கிறார்கள். தானே எழுதத் தெரியாதவர், தன் மாணவர்களை எழுத வைத்தார். அடுத்து, ஒசாகாவில் அசாஹி செய்தித்தாள் அலுவலகத்தில் ஹிசா தகுமாவும் தோழர்களும் முதலில் உயெஷிபாவிடமும் 1936 முதல் சோகாகுவிடமும் பயின்றபோது, பாடம் முடிந்ததும் கற்ற நுட்பத்தைத் தங்களுக்குள் செய்து பத்திரிகைப் புகைப்படக் கருவியால் பிடித்துவைத்தார்கள். அந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் ‘சோதென்’ என்ற தொகுதிகளாயின. பழைய பள்ளிகளில் ஒரு குருவின் பாடம் சூடு ஆறுமுன் இவ்வளவு விரிவாகப் படமாகிய இன்னொரு நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

விசித்திரம் என்னவென்றால், நிரூபிக்க முடியாத யோஷிமித்சுவைப் பள்ளி நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது. நிரூபிக்கக்கூடிய பேரேட்டையும் படத்தொகுதியையும் ஆய்வாளர்கள்தான் பெரிதாகப் பேசுகிறார்கள்.

பொய்யான முன்னோர் இருந்தால் என்ன, கலை நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஆயிரம் ஆண்டு ரகசியம் என்று ஒரு தலைவர் சொன்னால், அவர் கட்டாவை நேற்று மாற்றியிருந்தாலும் மாணவர் கேள்வி கேட்க முடியாது. ‘இது உனக்கு இதுவரை காட்டாத மேல்நிலை’ என்ற ஒரே பதிலில் வாய் அடைத்துவிடும். நாளிட்ட, கிளைவிட்ட, அச்சில் வந்த மரபில் அப்படிச் செய்தால் அடுத்த கிளைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். பொய் வரிசை வரலாற்றை மட்டும் கெடுப்பதில்லை, கட்டாவைத் திருத்தும் வழியையும் அடைக்கிறது. மேலை நாடுகளில் தானே உருவாக்கிய முறைக்குத் தானே ‘சோகே’ (பள்ளித் தலைவர்) என்று பட்டம் சூட்டிக்கொண்டவர்களின் ஜுஜுட்சு பத்தாண்டுக்கு ஒருமுறை உருமாறுவதன் காரணமும் இதுதான்.

ஆகவே என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியை அதன் முதல் மூன்று தலைமுறைகளை வைத்து மதிப்பிடுவதை நிறுத்த வேண்டும். கடைசி மூன்றை வைத்து மதிப்பிட வேண்டும். யார் யாரிடம் எத்தனை காலம் கற்றார் என்பது வெளியாரால் சரிபார்க்கக்கூடியதா, கட்டாவை ஒப்பிட இரண்டாவது வழி உண்டா, கட்டாவுக்குள் இருக்கும் காலத்தின் ரேகை பள்ளி சொல்லும் காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தகெனோஉச்சி ரியூ இதில் முதல் இடம் பெறுகிறது. குறுவாளோடு நெருங்கிப் பிடிக்கும் அதன் அடிப்படைக் கூறு 16ஆம் நூற்றாண்டுப் போர்ச் சூழலோடு பொருந்துகிறது, கிளைகள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. தென்ஜின் ஷின்யோ ரியூ அதற்கு அருகில். வயது குறைவு, நாணயம் அதிகம். கொடோக்கனிடம் உள்ள கிதோ ரியூ கட்டாவுக்குப் பாதி மதிப்பெண்: 21 நுட்பங்களும் கவனமாகக் காக்கப்பட்டன, ஆனால் அவற்றுக்கு உயிர் கொடுத்த ராந்தோரி வேறு உருவெடுத்து ஜூடோவாகப் போய்விட்டது, இன்று அது பெரும்பாலும் உயர்நிலை ஜூடோக்காரர்கள் விழாவிலும் போட்டியிலும் செய்து காட்டும் சம்பிரதாயமாக நிற்கிறது.

தைதோ ரியூவைப் பழைய பள்ளிகளின் பட்டியலிலிருந்து எடுத்து, எடோ காலப் பொருள்களைக் கொண்டு மெய்ஜி காலத்தில் ஒரு மேதை கட்டிய கலை என்ற தலைப்பின்கீழ் வைக்க வேண்டும். இது இறக்கம் ஆகாது. கானோவின் ஜூடோவும் அந்தத் தலைப்பில்தான் இருக்கிறது. 1993-இல் தொகிமுனே காலமான பிறகு அடுத்த தலைமை யாருக்கு என்று பல கிளைகள் உரிமை கோருகின்றன. யோஷிமித்சுவிலிருந்து எண்ணி வருகிறவர்களால் அதைத் தீர்க்க முடியாது. சோகாகுவின் பேரேட்டில் தங்கள் ஆசிரியரின் பெயர் எந்த நாளில், எத்தனை முறை இருக்கிறது என்று காட்டக்கூடியவர்களும், சோதென் படங்களோடு தங்கள் கட்டாவை வரிசையாக வைத்து எங்கே மாறியது, ஏன் மாறியது என்று வாய்விட்டுச் சொல்லத் தயாராக இருப்பவர்களும் மட்டுமே அந்த விவாதத்தில் பேசத் தகுதியுள்ளவர்கள்.